ஞாயிற்றுக்கிழமைக்காரர்

அந்த ஆள் இந்த ஞாயிறும் வந்துவிட்டான்.

தன் அறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். சரியாகப் பத்து. வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி, கையில் துரை மாதிரி ஒரு பிரம்பு. எதிர்க் கட்டடத்து மாடியில் இருக்கும் நர்ஸ் வாசல்வரை இறங்கி வந்து, உரிமையோடு அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

டிரைவருக்கு வயிறு எரிந்தது.

திரை இடுக்கில் அவளுடைய மாடி வீடு கொஞ்சம் தெரியும். அவள் குனிந்து எதையோ எழுதுகிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்கிறான். நடுவில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

சண்டைக் காலத்தில் டிரைவரும் அவளும் ஒரே முகாம் ஆஸ்பத்திரி. அவன் ஆம்புலன்ஸ் ஓட்டினான். அவள் காயத்துக்குக் கட்டுப் போட்டாள். தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்த பதினோரு மாதம், கல்யாணத்தில் முடியும் என்றுதான் இருந்தான். சண்டை முடிவதற்குள் ஒரு நாள், "இனிமே வேண்டாம். ஏன்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

காரணம் இல்லாமல் ஒருத்தி விலகுவாளா? இன்னொருத்தன் இருக்கிறான். அந்த எண்ணம் இரண்டு வருஷமாக அவன் மண்டையைக் குடைந்தது. அவள் ஊர் மாற, இவனும் மாறினான். ரொட்டி வண்டி ஓட்டும் வேலை பிடித்து, எதிரிலேயே அறை எடுத்தான். எப்போது வேலைக்குப் போகிறாள், எப்போது துணி உலர்த்துகிறாள், எல்லாம் அத்துப்படி.

அறையில் கூட இருந்தவன் சொல்லிப் பார்த்தான். "விட்டுடுடா. அவளைக் கவனிக்கற கவனிப்புல நீ சவரம் பண்ணிக்கறதைக்கூட மறந்துட்டே."

"அந்த ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும். விட்டுடறேன்."

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு முன்னாலேயே டிரைவர் எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டடியில் போய் நின்றுகொண்டான். ஆளும் வந்தான்.

"நில்லுங்க சார்."

வந்தவர் நின்றார். பிரம்பால் முதல் படியைத் தட்டித் தேடினார். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் தழும்பு தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி.

டிரைவர் ஓரடி பின்வாங்கினான். ஆனாலும் விடவில்லை.

"வாரா வாரம் நர்ஸைப் பாக்க வர்றீங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்லை. எனக்கு வைத்தியம் பாத்தவங்க. பேப்பர் படிச்சுக் காட்டுவாங்க. என் தங்கச்சிக்குக் கடிதாசி எழுதித் தருவாங்க."

"சும்மாவா?"

அவர் தலையைச் சாய்த்து, அந்தக் குரலை யோசிப்பவர் போலக் கொஞ்சம் நின்றார்.

"கேக்கறீங்க, சொல்றேன். சண்டையில அடிபட்டு ஆம்புலன்ஸ்ல கிடந்தேன். பாலத்து மேல போறப்ப குண்டு விழ ஆரம்பிச்சுது. டிரைவர் வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஓடிட்டார். மூணு மணி நேரம் அப்படியே கிடந்தேன். சீக்கிரம் கொண்டு வந்திருந்தா ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

டிரைவரின் கை சுவரைத் தேடியது.

"விசாரணைக்கு வந்த அதிகாரி, 'விட்டுட்டு ஓடினான்னு எழுதியிருக்கேன், கைநாட்டு வைங்க'ன்னார். வெச்சிருந்தா அந்த ஆளுக்கு ஜெயில்தான். இந்த நர்ஸம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவர் ஓடிப்போகலை, ஆள் கூட்டிட்டு வர நாலு மைல் ஓடினார்'னாங்க. நான் வைக்கலை. அந்தக் கடனுக்குத்தான் இப்ப இதெல்லாம் செய்யறாங்க."

டிரைவர் எல்லாரிடமும் சொன்ன கதை அது. அவளிடமும்தான். ஆனால் அவன் ஓடியது நாலு மைல் இல்லை, நாற்பது அடி. பாலத்துக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில், காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். ஈரக் கால்சட்டையோடு முகாமுக்குத் திரும்பியவனை அவள் ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம்தான் "இனிமே வேண்டாம்" என்றாள்.

அவள் விலகியதற்குக் காரணம் ஓர் ஆள்தான். அது வேறு யாரும் இல்லை, இவனேதான்.

மாடியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ் இறங்கி வந்தாள். டிரைவரைக் கண்டதும் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"யாரோ விசாரிக்கறார்மா. தெரிஞ்சவரா?" என்றார் கண் தெரியாதவர்.

அவள் டிரைவரின் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்காக நாலு மைல் ஓடினாரே, அவர்தான்" என்றாள். "அடுப்புல பால் இருக்கு. பேசிட்டு மெதுவா மேல வாங்க."

திரும்பி ஏறிவிட்டாள்.

கண் தெரியாதவர் காற்றில் கையை நீட்டினார். டிரைவரின் கை அகப்பட்டதும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் காலடிச் சத்தம் மேலே மறையும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க தண்ணிக்குள்ள இறங்கின சத்தம் அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு தம்பி. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. அவங்க சொன்னதை நான் நம்பிட்டேன்னு நினைச்சு நிம்மதியா இருக்காங்க."