கூந்தல் முடிப்பு மெட்டு

காஞ்சிபுரத்து ஓரம், அறுவடை முடிந்த வயலில், காலை வெயிலில், மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பாரதக் கூத்தின் கடைசிக் காட்சி. திரௌபதி வேடத்தில் ஏகாம்பரம், விரித்த கூந்தலைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பத்து ராத்திரி பாடிய தொண்டை கம்மிக் கிடக்கிறது. “பழைய மெட்டு உச்சத்துல போவுது பாய், எனக்கு எட்டாது” என்று முணுமுணுக்கிறார். ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கும் ஜாஹிர் துருத்தியை அழுத்துகிறார். அதே பாட்டுக்குப் போன வாரம் தான் போட்ட புது மெட்டைக் கீழ் ஸ்தாயியில் தொடங்குகிறார். ஒத்திகையில் ஏகாம்பரம் “இதெல்லாம் கூத்துக்கு ஆவாது” என்று தள்ளிய மெட்டு. இப்போது வேறு வழியில்லாமல் பாடுகிறார். முதல் வரி மண்ணை ஒட்டி ஊர்கிறது. அடுத்தது இடுப்புயரம் எழும்புகிறது. மூன்றாவதில் கூந்தல் முடிச்சாக இறுக, பின்பாட்டுக்காரர்களோடு வயல் முழுக்க நிற்கும் சனமும் அந்த வரியைப் பிடுங்கிக்கொள்கிறது. மிருதங்கம் வெடிக்கிறது. வெயிலில் ஜரிகை முந்தானைகள் மின்னுகின்றன. பாட்டு முடிந்ததும், துரியோதனன் மார்பிலிருந்து அள்ளிய மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு, வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி ஜாஹிர் எதிரே நிற்கிறாள். “புதுசு கிதுசு கலக்காம பழைய மெட்டுலயே வாசிச்ச பாரு, அதாம்பா பாட்டு! நான் பாவாடை கட்டின நாள்லருந்து கேட்டுக்கினு இருக்கேன்.” அரிதாரம் வழியும் ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஜாஹிர் நிமிர்ந்து உட்காருகிறார்.

“ஆமாம்மா, ரொம்பப் பழசு.”