லோகேஷ் எழுதிய ஸ்கிராப்

கமலாட்சி மஞ்சள் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்துக் குமாரசாமி வீட்டு டீப்பாய் மேல் வைத்தாள். அதன்மேல் நான்கு தாள்களைப் போட்டாள்.

ஜாதகம் திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். எதிரே இருந்த குமாரசாமிக்கு முகம் செத்துவிட்டது. அவர் மகள் தேவகிக்கும் கமலாட்சியின் மகனுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று செவிலிமேடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அம்மா கமலாட்சியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அகிலா. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். தேவகி அவளுக்குக் கல்லூரியில் சி புரோகிராமிங் எடுக்கிற மேடம். தங்கமானவங்கம்மா என்று நச்சரித்தே அண்ணனுக்குப் பேச வைத்தாள்.

தாள்கள் ஆர்குட் இணையதளத்திலிருந்து அண்ணன் அச்செடுத்தவை. வகுப்பில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் அங்கே தேவகியின் பக்கத்தில் ஸ்கிராப் என்கிற குறிப்பு எழுதிச் சந்தேகம் கேட்பார்கள். அவளும் சளைக்காமல் பதில் போடுவாள். ஊரே படிக்கலாம், பூட்டு கிடையாது. மாப்பிள்ளை ஆகப்போகிறவனால் சும்மா இருக்க முடியுமா? லோகேஷ் என்ற ஒருவன் எழுதியதற்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தான்.

நீங்க இல்லேன்னா நான் அவ்ளோதான் மேம். புரோகிராம் ஓடிருச்சு, லவ் யூ மேம்.

"யார்மா இந்த லோகேஷ்? அவன் லவ் யூன்னு எழுதிக்கினு இருக்கான், நீயும் சிரிச்சி சிரிச்சி பதில் போட்டுக்கினு இருக்கிற. நாங்க எப்பிடிமா பொண்ணு எடுக்கிறது?" என்று கமலாட்சி, அப்பா பக்கத்தில் இருந்த தேவகியைக் கேட்டாள்.

அந்த லோகேஷ் அகிலாதான்.

சொந்தப் பெயரில் கணக்கு வைத்த தோழிகளைக் கண்டவனெல்லாம் தொல்லை பண்ணினான். அதனால்தான் ஆண் பெயர், புல்லட் வண்டிப் படம். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல். காந்தி ரோடு பிரவுசிங் சென்டரில் உன்னைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னாலும் அன்றோடு காலேஜ் நின்றுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

நான்தான்மா என்று ஒரு வார்த்தை போதும். மேடத்தின் கல்யாணம் பிழைக்கும். தன் படிப்பு போகும்.

அகிலா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தேவகி தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் ஸ்டூடண்ட்தாங்க. நல்லா படிக்கிற பையன்."

தாள்களை அடுக்கிக் கமலாட்சி பக்கம் நகர்த்தினாள். குமாரசாமி மகளையே பார்த்தார். சொல்லேன்மா, இன்னும் ஏதாவது சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

கமலாட்சி எழுந்து வெளியே போய்விட்டாள். குமாரசாமி பின்னாலேயே தெருவரை ஓடினார்.

வாசலில் அகிலாவுக்குச் செருப்பு மாட்ட வரவில்லை. தேவகி கதவருகே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வகுப்பில் கேட்கிற அதே குரல்.

"நேத்து பாயிண்டர்ல டவுட் கேட்டு எழுதியிருந்தியே, அகிலா. நாளைக்கு லேப்ல சொல்லித் தர்றேன். இனிமே அங்க எழுதாதமா."