அசையாத பாரம்

ரயில் நிலைய நடைமேம்பாலம் திறந்த நாள்முதல், அதன் உத்தரத்தில் ஒட்டியிருந்த கருவி ஒரே வேலையைச் செய்துவந்தது. பாலம் வளைந்து நிமிர்ந்த ஒவ்வொரு தடவையையும் எண்ணியது. யார் எப்போது ஏறுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வளைவும் பாலத்தின் ஆயுளில் தின்ற துளிப் பங்கைக் கூட்டிக்கொண்டே வரத்தான் முடியும். அந்தப் பங்குகள் சேர்ந்து முழு ஒன்றைத் தொட்டால் பாலத்தின் ஆயுள் முடிந்ததென்று கணக்கு. இன்று காலை அதற்கு மயிரிழைதான் பாக்கி. பொறியாளர் ஜெசிந்தா இரண்டு பக்கப் படிகளையும் அடைக்கச் சொன்னாள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பாலத்தின் நடுவே கைக்குட்டை விற்கும் சாதிக் பாய் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா மெல்ல ஏறிப் போனாள்.

“எந்திரிங்க பாய், பாலத்த மூடுறோம்.”

“இருபத்திரண்டு வருசமா இங்கதான் குந்தினு இருக்கேன் மேடம். என் பாரமும் அந்தக் கணக்குல சேந்துச்சா?”

அவர் முகத்தைப் பார்த்து அவள் உண்மையையே சொன்னாள். “சும்மா உக்காந்திருக்கற பாரம் இரும்ப ஒண்ணும் பண்ணாது பாய். ஏறி எறங்கறதுதான் அதுக்கு அடி.”

பாய் நிம்மதியாகக் கைக்குட்டைகளை மடிக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றது.

“அப்ப நான் இப்ப எந்திரிச்சா, அதுவும் ஒரு தடவைதான?”

அவரைத் தூக்கிவிடக் கை நீட்டி ஓரடி எடுத்த ஜெசிந்தா, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள்.