குறையாத பால்

“வெச்ச பால் வெச்ச மாதிரியே கிடக்கு. அப்ப என்ட புள்ள நேற்று முழுக்க என்னத்தக் குடிச்சா, மதினி?”

இர்ஷானா இதையே மூன்றாம் தடவையாகக் கேட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை. புருஷனின் அக்கா றஸீனாவின் குசினியில், பிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். உள்ளே இறால் பொதிக்கும் கணவாய்ப் பொதிக்கும் நடுவில், அவள் எடுத்து வைத்த தாய்ப்பால் பைகள் ஒன்றுகூடக் குறையாமல் கல்லாக உறைந்து கிடந்தன.

“கதவச் சாத்துகா. கணவாய் இளகுது” என்றாள் றஸீனா, வெங்காயத்தை உரித்துக்கொண்டே.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“நேற்று அவ நோன்பு.”

“நாலு மாசப் புள்ளையா?”

“மார்க்கப் பற்றுள்ள புள்ள.”

இர்ஷானா கணவனைப் பார்த்தாள். றுமைஸ் தன் ராத்தா றஸீனாவைப் பார்த்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டால் எதையாவது சாப்பிடத் தொடங்குவது அவன் வழக்கம். மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்தான்.

பிரசவ லீவு முடிந்து, இர்ஷானா மட்டக்களப்பு டவுனில் கந்தோருக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான். பகலில் மகள் ஸாதியாவை அடுத்த வீட்டு மதினியிடம் விட்டுப் போவாள். பிள்ளையோடு சட்டதிட்டங்களையும் ஒப்படைத்திருந்தாள். பையைச் சுடுதண்ணிக்குள் வைத்து இளக்க வேண்டும், அடுப்பில் வைக்கப்படாது. குடித்து மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். உருகி வெக்கையில் கிடந்த பாலை மறுபடி உறையவைத்துக் கொடுக்கவே படாது.

“இதையெல்லாம் எனக்கு இறால்காரனும் சொல்றவன்” என்றிருந்தாள் றஸீனா.

அவளுக்கும் கைப்பிள்ளை உண்டு. எட்டு மாத மகன், றிஸான். ஸாதியா பிறந்த அன்றே வார்டில் வைத்து, “இவ என்ட மகனுக்குத்தான்” என்று அறிவித்தவள். நடக்கத் தெரியாத இந்த மாப்பிள்ளையின் கல்யாணம் காத்தான்குடியில் தெரியாத ஆளில்லை. பெண்ணுக்குப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுப்பது ஊர் வழக்கம். ஸாதியாவுக்கென்று ஒதுக்கிய வளவுக் காணி வாவியோரம் இருந்தது. அந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்பது வரைக்கும் றஸீனா முடிவுகட்டிவிட்டாள். மதினிக்கு ஆசை பிள்ளையிலா, வளவிலா என்ற சந்தேகம் இர்ஷானாவுக்கு எப்போதும் உண்டு.

இன்று அது வாய்க்கே வந்துவிட்டது.

“மருமகள் மருமகள் எண்டு ஊரெல்லாம் சொல்லத் தெரியுது. வளவுல கண் இரிக்கி. மருமகள்ற பசிக்கு ஒரு பைய இளக்க ஏலாமப் போச்சு. டின் பால்தானே கரைச்சீங்க?”

அலுமாரியைத் திறந்தாள். பெரிய பால்மா டின் ஒன்று இருந்தது. தூக்கிப் பிடித்தாள்.

“அது தேத்தண்ணிக்கு” என்றான் றுமைஸ், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

“உங்கட்டக் கேக்கல்ல!”

டின்னின் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே சீல் உடைக்கப்படவே இல்லை. கோபம் இறங்கவில்லை, கூடியது.

“அப்ப பட்டினியாப் போட்டீங்களா? இனி நீங்க பாக்கவும் வேணாம், ஒண்டும் வேணாம். புள்ளையையும் பாலையும் நான் கொண்டு போறன்.”

பைகளை அள்ளினாள். றஸீனா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

“புள்ளையக் கொண்டு போ. பாலத் தொடாத. அது பழுதாப் போன பால்.”

“என்ட பால் பழுதா?”

“நேற்று நீ கந்தோருக்குப் போன கையோட கரண்ட் போச்சுகா, எங்கட ரோட்டுக்கு மட்டும். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகுதான் வந்திச்சு. உன்ட பாலெல்லாம் உருகித் தண்ணியாகி, வெக்கையில கிடந்திச்சு. நீ வரக்குள்ள லைட் எரிஞ்சிச்சு, உனக்குத் தெரியல்ல. ராவோட ராவா பிரிட்ஜ் அதத் திரும்பக் கல்லாக்கிப் போட்டுது.”

“எனக்கு ஒரு கோல் எடுத்தா என்ன?”

“எடுத்தன். உன்ட போன் ஓஃப் பண்ணிக் கிடந்திச்சு.”

“அப்ப ஊத்தியிரிக்கலாமே?”

“கந்தோர்ல சாமான் அறைக்குள்ள ஒளிச்சிருந்து நீ எடுத்த பால். ஊத்தத் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்த எனக்கு மனம் வரல்ல.”

இர்ஷானா பைகளோடு மகளின் பக்கம் திரும்பினாள். பாயில் ஸாதியா கொழுகொழுவென்று கிடந்து காலை உதறினாள். பட்டினி கிடந்த முகமாக இல்லை.

“அப்ப புள்ள…”

றஸீனா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“கத்திக் கத்தி நீலமாப் போனா. என்ட மகன் குடிச்சும் எனக்கு மிச்சம் இரிந்திச்சு.”

றுமைஸ் மெல்லுவதை நிறுத்தினான். மார்க்கப்படி, ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் இரண்டும் கூடப்பிறந்த மாதிரி. அதுகளுக்கு ஒருகாலமும் நிக்காஹ் செய்து வைக்க ஏலாது. அவனுக்கும் தெரியும், ராத்தாவுக்கும் தெரியும்.

“ஒருக்கா ரெண்டுக்கா குடிச்சாக் கணக்கில்ல, ராத்தா” என்றான் அவசரமாக.

“காலையில இருந்து அந்திவரைக்கும்டா. அவ ஒருக்கா ரெண்டுக்காவோட நிப்பாட்டுற புள்ளையா?”

“குடுக்கக்குள்ள உங்களுக்கு இது ஞாபகம் வரல்லையா, மதினி?” இர்ஷானாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

“வந்திச்சு. நிண்டு யோசிக்க அவ நேரம் தந்தாத்தானே.”

றஸீனா தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவன் மூக்கைத் துடைத்தாள். தலைமயிரைக் கோதி வகிடெடுத்துவிட்டாள். பிறகு தம்பியையும் தம்பி பெண்சாதியையும் பார்த்துச் சொன்னாள்:

“இவனுக்கு வேற எங்கயாவது ஒரு நல்ல பொண்ணாப் பாருங்க.”