அழியாத திருநீறு

என் தங்கையின் கணவன் குணாளன், மோரிப் கடற்கரையருகே மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க ஞாயிறுதோறும் தனியாக முக்குளிப்பான். இறங்குமுன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வான். கடல் கழுவிவிடும், வெறும் நெற்றியோடுதான் கரையேறுவான்.

அன்று கரையில் காத்திருந்த என்னிடம் சீக்கிரமே வந்துவிட்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றியில் திருநீறு காய்ந்து, அப்படியே இருந்தது.

“மாப்ள, கப்பல் வரைக்கும் போனியா?”

“போனேன்லா.”

“அப்புறம் திருநீறு எப்படி அழியல?”

அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டரைக் கழற்றி டட்சன் காரில் வைத்தான்.

“ஏறுங்க மச்சான். ஒங்க தங்கச்சி காத்திருக்கும்.”

நான் கடலைத் திரும்பிப் பார்த்தேன். கப்பல் கிடக்கும் இடத்தில் மூச்சுக்குமிழிகள் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தன.