இருவருக்கான சீட்டு

பேஸ்யா தன் பக்கத்துக் கம்பை வேண்டுமென்றேதான் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

நான்கு வைக்கோல் வாரிக் கம்புகள், மேலே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதுதான் மணப்பந்தல். அதன் கீழே நஹூம். அவனை ஒட்டி ஃபெய்கா.

எதிர்க் கம்பைப் பிடித்திருந்த மாட்டுக்கொட்டகை ஸல்மன் முணுமுணுத்தான். "நேராப் பிடி தாயே. மாப்பிள்ளை மண்டையில இறங்கப் போவுது."

"இறங்கட்டும்."

பண்ணையில் இருந்த எல்லாரும் யூத இளைஞர்கள். பாலஸ்தீனத்துக்குப் போய்த் தங்களுக்கென்று ஒரு நாட்டைக் கட்டப் போகிறவர்கள். அதற்காகப் போலந்தின் இந்த மூலையில் உருளைக்கிழங்கு தோண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அங்கே நுழைய ஆங்கிலேயர்கள் தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த வருடம் பண்ணைக்கு வந்தது ஒன்றே ஒன்று. குலுக்கலில் அது நஹூமுக்கு விழுந்தது.

ஒரு சீட்டில் ஒருவன் தன் மனைவியையும் கூட்டிப் போகலாம். மனைவி இல்லாதவனுக்குப் பண்ணையே ஒருத்தியைப் பார்த்துக் கட்டிவைக்கும். கப்பலை விட்டு இறங்கியதும் அவரவர் வழி. கூடுதலாக ஓர் ஆள் கரை சேர்ந்தால் போதும்.

பண்ணைக் குழு ஃபெய்காவைச் சொன்னது. அங்கே ஒரு குடியிருப்புக்குத் தையல்காரி தேவையாம்.

பேஸ்யாவின் பேரை யாரும் எடுக்கவில்லை.

ஃபெய்கா பண்ணைக்கு வந்ததே இந்தப் பாஸ்கா பண்டிகைக்குப் பிறகுதான். மாடு தலையை ஆட்டினால் அலறுவாள். எபிரேயத்தில் ஒரு துண்டு ரொட்டி கேட்கத் தெரியாது. நஹூமுக்கு வெங்காயம் ஆகாது என்பதும் தெரியாது.

அவனுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தவள் பேஸ்யா. வார்சாவில் தொப்பிக் கடை போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்றவனோடு மல்லுக்கட்டி, இந்தப் பண்ணைக்கு இழுத்து வந்தவளும் அவள்தான்.

சற்று முன்பு ஃபெய்கா அவள் காதருகே வந்து சொன்னாள்: "இது நீ போக வேண்டிய இடம், பேஸ்யா. எனக்குத் தெரியாம இல்ல."

"போய் நில்லு. ரபி காத்திருக்கார்."

இரவல் மோதிரம் ஃபெய்காவின் விரல் கணுவில் சிக்கிக்கொண்டது. நஹூம் அதை மெல்லத் திருகித் திருகி ஏற்றப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

பேஸ்யா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் கப்பலின் மேல்தளத்தில் சாய்ந்து நிற்பார்கள். பாலஸ்தீனக் கரையில் ஹைஃபா மலை முதலில் யார் கண்ணில் படுகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். அந்தப் பந்தயம் பேஸ்யாவும் நஹூமும் எப்போதோ கட்டியது.

கம்பு கையிலிருந்து நழுவியது.

விரிப்பு ரபியின் தொப்பிமேல் விழுந்தது. கல்யாணம் செய்துவைக்க நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட யூத குரு அவர். பெண்பிள்ளை பந்தல் பிடிப்பதைப் பார்த்தே முகத்தைச் சுளித்திருந்தார். இப்போது விரிப்பை விலக்கிக்கொண்டு திட்டத்தான் வந்தார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒருமுறை நஹூமைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். மோதிரம் இன்னும் பாதி விரலில்தான் நின்றது.

"இது என்ன மாதிரிக் கல்யாணம்னு எனக்கும் தெரியும், மகளே," என்றார் தாழ்ந்த குரலில். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா ஒருத்தியை இப்படி அழவிட்டுட்டு நடத்த எனக்கு மனசு வரல. கல்யாணப் பத்திரத்துல பொண்ணு பேர் இன்னும் எழுதல. வா, உன்னையே இவனுக்குக் கட்டிவைக்கிறேன்."

ஸல்மன் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. நஹூம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேஸ்யா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியாதுங்க. கூடப் பொறந்தவன். ரெட்டையில நான்தான் மூத்தவ."