இருபத்தெட்டு வேண்டாம்

ஏதென்ஸில் ஓராண்டு. அன்று காலை அதன் விலை ஒரே ஒரு தலையசைப்பு.

"இருபத்தெட்டு. எடுத்துக்கறீங்களா?" என்றார் பேராசிரியை ரிச்சார்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. முப்பதுக்கு இருபத்தெட்டு என்பது அவர் கையிலிருந்து லேசில் வராது. நேப்பிள்ஸில் கிரேக்கம் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இலேனியா தலையசைக்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள். அடுத்த வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகிறவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து, இன்று கேட்ட கேள்விகளையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு கொராடோ.

அரைமணிக்கு முன் அவள் நாற்காலியில் அவன் இருந்தான். அவனுக்கு வந்தது இருபத்தேழு. "இந்த மார்க் வேண்டாம் மேடம், செப்டம்பர்ல மறுபடி தேர்வுக்கு வரேன்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"அது உங்க உரிமை" என்றார் பேராசிரியை. "ஆனா வாயால சொல்றது செல்லாது. மார்க்கை நான் வெப்சைட்ல ஏத்திடுவேன். அஞ்சு நாளைக்குள்ள நீங்களே போய் 'வேண்டாம்'னு அழுத்தணும். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கும்."

"தெரியும் மேடம்."

இருவருக்கும் மிச்சமிருந்தது இந்த ஒரு தேர்வுதான். எல்லாத் தேர்வையும் முடித்தவர்கள் ஜூலை பதினைந்துக்குள் விண்ணப்பித்தால், சராசரியில் முதலில் நிற்பவருக்கு ஏதென்ஸ், உதவித்தொகையோடு. இந்த வருஷம் இடம் ஒன்றே ஒன்று. வகுப்பில் மற்றவர்களுக்கு இன்னும் நாலைந்து தேர்வு பாக்கி, அவர்கள் போட்டியிலேயே இல்லை.

"நீ போனா நான் இங்க, நான் போனா நீ இங்க. என்ன பொழப்பு இது?" என்று போன வாரம் கொராடோதான் பேச்சை எடுத்தான். "அடுத்த வருஷம் ரெண்டு இடமாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன். எந்த மார்க் வந்தாலும் ரெண்டு பேரும் வேண்டாம்னுடுவோம். சேர்ந்தே போவோம், இலே."

ஆபீஸ் ஜன்னலில் வரிசையில் நிற்பது எப்போதும் அவன் வேலை. கிரேக்கத்தில் ஒரு சொல் சரிதானா என்று பார்க்க ஒன்பது பழைய பிரதிகளைப் புரட்டுகிறவள் இலேனியா. கொராடோ சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வாள்.

இருபத்தெட்டு. மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. தலையசைத்தால் சராசரியில் அவனைவிட ஒரு மயிரிழை முன்னால் நிற்கலாம். அவன்தான் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டதே, அந்த மயிரிழைகூடத் தேவையில்லை. 'சரி' என்ற சொல் பல் வரைக்கும் வந்துவிட்டது.

பெஞ்சிலிருந்து கொராடோ லேசாகச் சிரித்தான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வேண்டாம் மேடம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பைத்தியமா? முப்பதுதான் வேணுமா?"

"இல்ல மேடம். எங்களுக்கு வேற கணக்கு."

"கணக்குன்னா அடுத்த கட்டடம்" என்றார் பேராசிரியை. "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

எதிர்க்கடையில் நின்றபடியே காப்பி குடித்தார்கள். கப் காலியாவதற்குள் மதிப்பெண் ஏறிவிட்டது. இலேனியா போனை எடுத்தாள். 'வேண்டாம்' என்று சிவப்பில் ஒரு பொத்தான். கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது.

"அழுத்துடி. என்னமோ பல்லு புடுங்கற மாதிரி பாக்கறே."

"உனக்கென்ன, போறது இருபத்தேழு. எனக்கு இருபத்தெட்டு. ஒரு மார்க் அதிகமா வலிக்குது."

"அந்த ஒரு மார்க்குக்கு ஏதென்ஸ்ல தினமும் காப்பி வாங்கித் தரேன், போதுமா?"

அழுத்தினாள். கொராடோ அவள் நெற்றியில் முத்தமிட்டான். காப்பிக்கும் அவனே காசு கொடுத்தான். மூன்று வருஷப் பழக்கத்தில் இது இரண்டாவது முறை.

ஜூலைக் கடைசியில், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் துறை வாசலில் புதிதாக ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ஏதென்ஸ். இடம் ஒன்று. தகுதியுள்ள விண்ணப்பம் ஒன்று. கொராடோ ஸ்பேரா.

இலேனியாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த ஆபீஸ்காரர்கள் என்றைக்கு ஒரு தாளை ஒழுங்காக அடித்திருக்கிறார்கள்? புத்தகக் கட்டோடு படியிறங்கி ஓடினாள். கொராடோ முற்றத்து நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"உன் பேரைப் போட்டு ஒட்டி வச்சிருக்காங்கடா. சீக்கிரம் போய்ச் சொல்லு, அப்புறம் உன் தலையில கட்டிடப் போறாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. "அது தப்பில்ல, இலே."

"தப்பில்லையா? அன்னைக்கு அத்தனை பேர் முன்னால வேண்டாம்னு சொன்னியே?"

"சொன்னேன். வெப்சைட்ல அழுத்த மறந்துட்டேன்."

புத்தகங்கள் திடீரென்று கனத்தன. இருந்தாலும் மறதி யாருக்கும் வரக்கூடியதுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கப் பார்த்தாள்.

"சரி, மறந்துட்டே. அப்போ விண்ணப்பம்?"

கொராடோ தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னான்:

"அது ஞாபகம் இருந்தது."